மறைத்து வைத்த மரண அறிவித்தல்

ஆடி, வெள்ளிக்கிழமை. மழை பொய்த்து மாடுகள் செத்த, இறங்குதுறைக்குப் புதுப்படகு வந்த வருடம். எனக்கு எழுத்துத் தெரியாது. கைபேசிக்குச் சொல்லி வைக்கிறேன்.

அனலைதீவு ஊர் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறவள் அண்ணன் மகள் பவானி. இன்று அவளுடைய கணினியில் என் படத்தைக் கண்டேன்.

"இது என்ன பிள்ளை?"

"உங்கடை மரண அறிவித்தல், சித்தப்பா. பிறகு அவசரப்படக் கூடாதெண்டு கனடாவிலை இருந்து உங்கடை மகன் முன்கூட்டியே அனுப்பினவர். மறைச்சுத்தான் வைச்சிருக்கிறன். வெளியிலை ஒருத்தருக்கும் தெரியாது."

"சாகப்போறவனுக்கும் தெரியாதோ? வாசி, பிழையெண்டால் இப்பவே திருத்துவம்."

சிரித்துக்கொண்டே வாசித்தாள். "காலஞ்சென்ற கந்தையா, காலஞ்சென்ற செல்லத்துரை, காலஞ்சென்ற அன்னம்மா ஆகியோரின் அன்புச் சகோதரரும்..."

"நில். அன்னம்மா அக்கா கனடாவிலை உயிரோடை எல்லோ இருக்கிறா? அந்தச் சொல்லை எடு."

அவள் எடுக்கவில்லை.

"போன மாசம், சித்தப்பா. உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு மகன்தான்..."

போன கிழமையும் அவன் "மாமி சுகம்" என்றான். அக்காவின் அறிவித்தலை ஊரே பார்த்திருக்கிறது. வாசிக்கத் தெரியாத எனக்கு அது மறைத்த பக்கம்.

நாலு பேர் பிறந்தோம். அண்ணனும் தம்பியும் முன்னமே போய்விட்டார்கள். இப்போது அக்காவும் இல்லை. இருக்கிறது நாகலிங்கம், நான் மட்டும்தான்.