மூன்றாம் ஓலை

1932 சனவரி 24, ஞாயிறு

பூசையில் செல்லபாய் அக்காளுக்கும் யேசுரத்தினத்துக்கும் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையில் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். "தடை அறிந்தவர்கள் சொல்லக் கடவார்கள், மறைத்தால் பாவம்" என்று உபதேசியார் மூக்கால் முழங்கினார். வருடக்கணக்காகக் கேட்கிறார், ஒருவரும் ஒரு தடைகூடக் கொடுத்ததில்லை. இல்லாத தடை ஒன்றை நான் கொடுத்தேன். துண்டுத் தாளில், இடது கையால்: 'மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடியில் பெண்டாட்டி உண்டு.' ஓலைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். உபதேசியார் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

சனவரி 27

முகம் போனது செல்லபாய் அக்காளுக்கு. உபதேசியார் தாளைச் சாமியாரிடம் கொடுத்துவிட்டார். அவர் விசாரித்து எழுதியதற்குத் தூத்துக்குடியிலிருந்து பதில் வரும்வரை மூன்றாம் ஓலை இல்லை. பிப்ரவரி பத்தில் நாற்பது நாள் தவசுகாலம் தொடங்கினால் பாஸ்குப் பண்டிகை வரை கல்யாணமும் இல்லை. "அதுவர காத்துக் கெடக்க மாட்டோம், வேற எடம் பாப்போம்" என்றாராம் அவள் அப்பா.

சனவரி 30, சனி

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாப் பாவத்தையும் கொட்டிவிட்டேன்.

"பொய்ச்சாட்சி சொல்லாதேங்கிறது எட்டாம் கற்பனை, மகளே. கெடுத்த பேர நீயே திருப்பிக் குடுக்கணும்."

"சாமிக்கு இப்பத் தெரியுமே. நீங்களே ஓலைய வாசிக்கச் சொல்லப்பிடாதா?"

"பாவசங்கீர்த்தனத்துல கேட்டத வெளிய காட்டப்பிடாது. இங்க கேட்டது எனக்குத் தெரியாது."

சொல்லுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், மன்னிப்புக் கிடைத்தது. தெரிந்ததை ஒருவர் எப்படித் தெரியாமல் இருப்பார்? நாளை வாசித்துவிடுவார்.

சனவரி 31

வாசிக்கவில்லை. சாமியார் என்னைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். என் பாவம் தீர்ந்தது. பாவம், செல்லபாய் அக்காளுக்குத் தீரவில்லை — முக்காட்டுக்குள் அழுதாள். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? அப்பா அடிப்பாரென்றா? அவ எனக்கு என்ன செஞ்சா?

பிப்ரவரி 1

அவள் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவள் அப்பா வலை பின்னுவதை நிறுத்தினார். அம்மை துடைப்பத்தை எடுத்தாள், அக்காள் தடுத்தாள்.

"ஏட்டி, ஒனக்கு வெளையாட என் கல்யாணந்தானா கெடச்சு?"

என் கையைப் பிடித்துச் சாமியார் வீட்டுக்கு இழுத்துப்போனாள்.

"அப்படியா? யாரு எழுதினது?" என்று சாமியார் புதிதாகக் கேட்டார். முதலிலிருந்து எல்லாம் சொல்ல வைத்தார். இந்த ஊரில் என்னைவிடப் பெரிய நடிகர் ஒருவர் உண்டு.

பிப்ரவரி 7

மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை கேட்டபோது பெண்கள் பக்கம் முழுதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்பா அடித்த இடம் உட்கார விடாததால் கடைசிவரை முழந்தாளில் இருந்தேன். பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

பிப்ரவரி 8

கல்யாணம். செல்லபாய் அக்காளின் அம்மை ஒரு சாக்கு உள்ளியை என் முன்னால் கொட்டி, "உரி, மக்கா" என்றாள்.

துடைப்பம் எடுத்தவள் மக்கா என்றாள்.

சாக்கு தீரும்வரை உரித்தேன். கண்ணீருக்குக் காரணம் யாரும் கேட்கவில்லை.