ஐயனார் தோப்பு மண் குழந்தை

தை மாதம், வெள்ளி இரவு. பாகூர்.

எங்கள் மாடியில் தங்கியிருக்கும் பிரெஞ்சுத் துரை இன்றும் ஏரிப்பக்கம் நடந்துவிட்டு வந்தார். பையிலிருந்து ஒரு மண் குழந்தையை எடுத்து மேசையில் வைத்து, அதன் தலையில் தன் தொப்பியை மாட்டினார். ஐயனார் தோப்பில் கிடந்ததாம். கிடந்ததா! மகளுக்குக் காய்ச்சல் தணிந்ததும் நான் நேர்த்திக்கடனாக வைத்தது. அவள் பாசிமணியை அதன் கழுத்தில் கட்டியதும் நான்தான்.

"கேட்டு வாங்குங்க" என்றேன் கணவரிடம்.

"மண்ணு பொம்மதானேடி, உடு. தொர கோச்சிக்கினா அப்பறம் எவன் வந்து தங்குவான்?" என்று சிரித்தார். பெற்ற அப்பன்!

நாளை துரை கிளம்புகிறார். பொம்மையை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் வைப்பது என் வேலையாம். சுற்றித் தருகிறேன். அடுப்படியில் அதே கனத்தில் ஓர் உடைந்த செங்கல் கிடக்கிறது.