ஜாமீன் கையெழுத்து

அன்புள்ள அப்பாவுக்கு,

காக்களூரிலிருந்து செண்பகம் வணக்கத்தோடு எழுதுவது. நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி குறைஞ்சிருக்கா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுறாங்களா?

போன்ல சொன்னா பாதியிலேயே வெச்சிடுவீங்க, அதான் எழுதுறேன். நான் ஒருத்தங்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

எங்க கம்பெனி வாசல்ல இட்லி விக்கிற கன்னியம்மா அக்காவுக்குத்தான். ஒரு கந்துவட்டிக்காரன் அவங்க ரேஷன் கார்டைப் பிடுங்கி வெச்சுக்கிட்டு, கூட்டுறவு வங்கியில வருஷத்துக்கு வாங்குற வட்டியை மாசாமாசம் கறந்துக்கிட்டிருந்தான். அந்தக் கடனை அடைக்க, அக்காவைக் கூட்டுறவு வங்கிக்குக் கூட்டிட்டுப் போனேன். "சம்பளச் சீட்டு இல்லாம எதை நம்பித் தர்றது?"ன்னார் அதிகாரி.

"இன்னா சார், ஆறு வருசமா உங்க ஆபீசுக்கு நாஷ்டா நான்தான் குடுக்கறேன். ஒரு நாளு வராம இருந்தேனா?"ன்னாங்க அக்கா.

வேலையில இருக்கிறவங்க ஜாமீன் நின்னா தரலாம்னு இறங்கி வந்தார். நான் நின்னேன்.

அந்தக் கந்துவட்டிக்காரன் பணத்தை வாங்கிக்கிட்டும் கார்டைத் தரலை. "வெளியூருப் பொண்ணு, உனக்கேன் இந்த பேஜாரு?"ன்னான். அவன் வண்டியில இருந்த சாவியை உருவிக்கிட்டு, கார்டு வர்ற வரைக்கும் நான் தரலை. பயப்படாதீங்க, எங்க தெருப் பொம்பளைங்க எல்லாரும் கூட நின்னாங்க. கொடுத்துட்டுத்தான் போனான்.

சித்தப்பாவுக்கு நீங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டு நம்ம வயல் போனதை மறக்கலை. ஆனா நாம எல்லாரும் ஒதுங்கினா, அக்கா மாதிரி ஆளுங்க கந்துவட்டிக்காரன்கிட்டதானே போகணும்? இன்னொரு தடவை கேட்டாலும் போடுவேன்.

என் பழைய போர்வையை அனுப்புங்க. தம்பியை ஞாயித்துக்கிழமையாவது போனை எடுக்கச் சொல்லுங்க.

கம்பெனி பஸ் வந்துடுச்சு. திட்டணும்னா திட்டியே எழுதுங்க. ஆனா எழுதுங்க.

உங்க மகள்,
செண்பகம்