லேபிள் பெட்டியில் என் பெயர்

3 மார்ச் 2008, திங்கள்

இருபதாயிரம் லேபிள் குப்பைக்குப் போனது. புஸ்வாணப் பெட்டிக்கான மயில் லேபிள். மயிலின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு சாம்பல் பட்டை. கோப்பு வட்டிலேயே கெட்டிருக்கிறது, கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அச்சடித்தவர், வெட்டியவர், கட்டியவர் – ஒருவர் கண்ணிலும் படவில்லை. இந்த பிரஸ்ஸில் ஆட்களுக்குக் கண் எதற்கு இருக்கிறதோ.

கம்ப்யூட்டர் அறைக்கு நான்தானே பொறுப்பு. முதலாளி மகன் சூர்யபிரகாஷ் கூப்பிட்டுக் கேட்டார். சன் கம்பெனியின் சோலாரிஸ் இயங்குதளத்தில், கோப்புகளைச் சேமிக்க இசட்எஃப்எஸ் என்று ஒன்று உண்டு, கோப்பு கெட்டால் தானே கண்டுபிடித்துச் சொல்லும், நம்மிடம் ஓடுவது லினக்ஸ், அதில் அது கிடையாது என்றேன். “இல்லாட்டி எடுத்துப் போடு” என்றார். பக்கத்து வீட்டில் காப்பித்தூள் வாங்கி வரச் சொல்வது போல.

6 மார்ச்

இன்றும் அதே பேச்சு. “ரெண்டும் ஓசிதானே? நெட்டுல சும்மா கெடக்கு. சேத்தா என்ன கொறஞ்சு போகுது?”

பொறுமையாகத்தான் சொன்னேன். லினக்ஸ் உரிமம் சொல்கிறது: என்னோடு எதைச் சேர்த்துக் கொடுத்தாலும் அதுவும் என் நிபந்தனையில்தான் போக வேண்டும். சன் உரிமம் சொல்கிறது: என் கோப்புகள் என் நிபந்தனையில்தான் போக வேண்டும். இரண்டும் தாராளம்தான், ஆனால் ஒரே பொட்டலமாகக் கட்டி இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. நம் பிரஸ்ஸுக்குள் வைத்துக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள். லினக்ஸ் மாதிரியே ஓசியில் கிடைக்கும் இன்னொரு இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டி, அதன் உரிமம் இப்படிப் பிடிவாதம் பிடிக்காது. போன வாரம் வந்த பதிப்பில் இசட்எஃப்எஸ் சேர்ந்தே வருகிறது. அதையே போடலாம் என்றேன்.

அந்தப் பெயரையே கேட்டதில்லை என்றார். இவர் கேள்விப்படாதது உலகத்திலேயே இல்லை போல.

லேபிள் வியாபாரத்தில் ஊறிய மூளை. பக்கத்து பிரஸ்ஸின் கிளி லேபிளில் பச்சையை நீலமாக்கி, கீழே பெயரை மாற்றினால் அது நம்ம லேபிள். எல்லாரும் எல்லாரிடமும் எடுக்கிறார்கள், அதனால் யாரும் யாரையும் கேட்பதில்லை.

11 ஏப்ரல், வெள்ளி

செய்துவிட்டேன். இசட்எஃப்எஸ்ஸில் சரிபார்க்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து லினக்ஸில் ஒட்டினேன். ஐந்து வாரம். வேண்டுமென்றே ஒரு கோப்பைக் கெடுத்துப் பார்த்தேன், உடனே பிடித்தது. அவ்வளவு சந்தோஷம், நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

பிரஸ்ஸைத் தாண்டக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். சூர்யபிரகாஷ் தலையாட்டினார். அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

26 மே, திங்கள்

நான் ஒட்டியதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மூன்று பெட்டி விற்றிருக்கிறார் சூர்யபிரகாஷ்! சாத்தூரில்! ‘லேபிள் பெட்டி’ என்று ஸ்டிக்கர் வேறு. சன் உரிம வரிகளை அழித்துவிட்டு, ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ‘எழுதியவர்: வேல்விழி, சிவகாசி’ என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்.

“ஒனக்கு மரியாதைதானே செஞ்சிருக்கேன்?”

பச்சையை நீலமாக்கிவிட்டார். கத்தினேன். வெளியே வந்ததும் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

9 ஜூன்

போச்சு. பெட்டி வாங்கிய அய்யாதுரை அண்ணாச்சியின் மருமகன் பெங்களூரில் லினக்ஸ் வேலை பார்க்கிறவன். உள்ளே பார்த்துவிட்டு, லினக்ஸ் எழுதுகிறவர்களின் மின்னஞ்சல் குழுவில் போட்டுவிட்டான். சன் எழுதியதை எடுத்து, பெயரை மாற்றி, லினக்ஸில் கலந்து விற்கிறாராம் – வேல்விழி, சிவகாசி.

அதே குழுவில்தான் போன வருடம் லினக்ஸுக்கு நான் எழுதி அனுப்பிய ஒன்பது வரித் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். என் பெயர் இருக்கிற ஒரே நல்ல இடம். ஒன்பது வரிதான், ஆனால் நானே எழுதியது.

சூர்யபிரகாஷ் சொல்லும் வைத்தியம்: “ஒம் பேர எடுத்துட்டு, கோப்புல வேற பேரு போட்டு அனுப்பிருவோம்.” மடையன். மடையன்.

10 ஜூன்

அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தாயில்பட்டியில் பதினெட்டு வருடமாகப் பட்டாசுக்கு மருந்து செலுத்துகிறாள். இவளுக்கு என்ன புரியப்போகிறது என்ற நினைப்பில்தான் சொன்னேன். கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

“ரெண்டையும் ஒண்ணாச் சேக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“கலந்தது ஆரு?”

“நான்தாம்மா. ஆனா உள்ளேயே வச்சுக்கிடணும்னு சொல்லித்தான்—”

“கலந்து வச்சுட்டு, தொடாதீகன்னு சொன்னா ஆச்சா? எங்க ஷெட்டுல அப்படிச் சொன்னவுக ஒருத்தரும் இப்ப இல்ல புள்ள.”

சோறு போட்டுக்கொள்ளப் போய்விட்டாள். சூர்யபிரகாஷ் முட்டாள்தான். முட்டாள் என்று தெரிந்தும் கையில் கொடுத்தவள்? ஓடுகிறதா பார்க்கலாம் என்ற ஆசையில் கலந்தவள்? இத்தனை பக்கம் மற்றவர்களைத் திட்டி எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

12 ஜூன்

குழுவுக்கு எழுதினேன். கலந்தது நான், தெரிந்தே கலந்தேன் என்று. சூர்யபிரகாஷ் பெயரை எழுதக் கை துடித்தது. எழுதவில்லை.

16 ஜூன்

ஒரு வரிப் பதில். இனி என் திருத்தங்களை எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். பிரஸ்ஸிலும் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

20 ஜூலை, ஞாயிறு. சாத்தூர்

மூன்றாவது பெட்டியும் முடிந்தது. இருந்ததை முழுக்க அழித்து, ஃப்ரீபிஎஸ்டி போட்டு, லேபிள்களைத் திரும்ப ஏற்றினேன். யாரும் கூப்பிடவில்லை, நானே போய்க் கேட்டேன். அய்யாதுரை அண்ணாச்சி பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையில் உரிமக் கோப்பில் இருந்த பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, இம்புட்டுப் பேரு இருக்கு. உம் பேரு எங்கன?”

“இதுல இல்ல அண்ணாச்சி. நான் எழுதல.”

“போன தடவ இருந்துச்சே?”

“அப்பவும் நான் எழுதல. கலந்துதான் வச்சேன்.”