கதவைத் திறந்து வையுங்கள்

மாத்தளை,
1967 ஜூலை 9.

பரீட்சைப் பகுதிப் பொறுப்பாளர் ஜனாப் ஸக்கரியா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

போதுமான காலம் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்த நாளில் உங்களை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். இப்போது நீங்கள் இருக்கும் நாற்காலிக்காக மரியாதை தருகிறேன். விரிவுரையாளர் பதவிக்கு நான் வந்த நேர்முகப் பரீட்சையில், தேர்வுக் குழுவில் இருந்துகொண்டே, என்னை முன்பின் தெரியாதவர் போல நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்றிலிருந்து நான் நாவுலப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் படிப்பிக்கிறேன். அந்தக் கூரையை இன்னும் மறக்கவில்லை. அதை மறுமையில், மஹ்ஷர் மைதானத்தில் பேசிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் என் மகள் ஸரீனாவுக்காக. சிறு வயதில் காய்ச்சலில் கண் போன பிள்ளை. நான் வாசிக்க வாசிக்கக் காதால் கேட்டே உங்கள் பல்கலைக்கழகம் வரை வந்தவள். மார்ச் மாதப் பரீட்சைக்கு, அவள் விடை சொல்லச் சொல்ல எழுத ஆள் தருவதாகச் சொன்னீர்கள். தந்தீர்கள். ஓர் இளம் கிளார்க், தனி அறை, விடை வெளியே கேட்டுவிடக் கூடாதென்று கதவைத் தாழிட வேண்டுமாம்.

குமர்ப்பிள்ளை, அதுவும் கண் தெரியாதவள், அந்நிய ஆணோடு தாழிட்ட அறைக்குள் எப்படி இருப்பாள்? இதையும் உங்களுக்கு நான்தான் விளக்க வேண்டுமா? என் மனைவி மஸூதா மேற்பார்வையாளரிடம், "நான் ஒரு மூலையில இருக்கிறேன் மகன். எனக்கு எழுத வாசிக்கவே தெரியாது, என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போறேன்?" என்று கெஞ்சியிருக்கிறாள். வெளியாட்களுக்கு இடமில்லை என்றாராம். கதவையாவது திறந்து வைக்கும்படி ஸரீனா கேட்டதற்கு, "பரீட்சை எழுத வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?" என்று சிரித்தாராம். பிள்ளை எழுந்து வெளியே வந்துவிட்டாள். உங்கள் பதிவில் 'சமுகமளிக்கவில்லை' என்று இருக்கிறது.

ஆகஸ்ட் பரீட்சை அவளுக்குக் கடைசிச் சந்தர்ப்பம். அதிலும் தவறினால் படிப்பு முடிந்தது. எழுத ஒரு பெண்ணைத் தரும்படி அவள் பேரில் விண்ணப்பித்தோம்; ஆகஸ்டுக்கும் அதே ஏற்பாடுதான், விசேட சலுகை கிடையாது என்று உங்கள் கையொப்பத்தோடு பதில் வந்தது. எழுத ஒரு பெண்ணைக் கேட்பது சலுகையா? உங்கள் காரியாலயத்தில் பெண்களே இல்லையா? இல்லையென்றால் கட்டடத்தின் கோடியில் ஓர் அறையைக் கொடுத்துக் கதவைத் திறந்து வையுங்கள். விடை யார் காதில் விழப்போகிறது?

இவ்வளவையும் எழுதி, பெயரும் பட்டமும் கீழே போடப் பேனையை எடுத்தேன். அதற்கு முன் வாசித்துக் காட்டச் சொன்னாள் ஸரீனா. முழுவதையும் கேட்டுவிட்டு, "பேரப் போடாதீங்க வாப்பா. போட்டா அவங்க உங்களத்தான் படிப்பாங்க, என்னப் படிக்க மாட்டாங்க" என்றாள். முதல் பந்தியையும் வெட்டச் சொன்னாள். அது மட்டும் என்னால் முடியவில்லை.

கையொப்பமில்லாத கடிதங்களைக் கோப்பில் சேர்ப்பதில்லை என்பது உங்கள் காரியாலய வழக்கம் என்று அறிவேன். கோப்பில் சேர்க்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய், உங்களுக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்திலும் அவர்கள் எழுந்து வெளியே வர நேராதபடி அல்லாஹ் காப்பானாக.

நாளைக் காலை பஸ் ஏறுமுன் இதைத் தபாலில் சேர்ப்பேன். பெயர் போடவில்லை.