கழுவிக் கவிழ்த்த தயிர்ப் பாத்திரம்

ஏப்ரல் 20, திங்கள்

காலை எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். மொட்டை மாடியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூர் ரயில். மகள் கோமதி வீட்டில் ரெண்டு மாசம். எங்கள் ஊர் ஆனித் தேருக்குள் திரும்பிவிட வேண்டும். வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் இந்த வருஷம் வீட்டைப் பூட்டுகிற வேலை முழுக்க என் தலையில். என் வீட்டுக்காரி வடிவு போய்ச் சேர்ந்து ஆறு மாசமாகிறது.

போன வருஷ டைரியைத் தேடி எடுத்தேன். அவள் அடுப்படியிலிருந்து சொல்லச் சொல்ல நான் எழுதிய பட்டியல்:

மாடித் தொட்டி காலி. வால்வு மூட.
பாத்ரூம் சாக்கடை ஓட்டையில் சாக்கு, மேலே செங்கல்.
அரிசிக்குள் வேப்பிலை, மிளகாய் வற்றல்.
பீரோவில் பாச்சை உருண்டை.
மெத்தை சுருட்ட. மேற்கு ஜன்னலுக்குப் பழைய வேட்டி.
பிரிட்ஜ் காலி. கழுவித் துடைத்துக் கதவைத் திறந்தே வைக்க.
சிலிண்டர். மெயின் சுவிட்ச் (கடைசியில்).

ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக். சாக்கடை ஓட்டைக்கு மட்டும் ரெண்டு. முன்னொரு வருஷம் மறந்துபோய், திரும்பி வந்து பார்த்தால் பாத்ரூமில் பெருச்சாளி குடித்தனம். அன்றைக்கு அவள் என்னைப் பேசிய பேச்சு இன்னும் காதில்.

முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். பட்டியல் போட்டு வேலை செய்ய எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சாயங்காலம் கறிவேப்பிலைக்கும் நந்தியாவட்டைக்கும் பக்கத்தில் குழி. அடியில் ஓட்டை போட்டுத் திரி செருகிய கலயம், செடிக்கு ஒன்று. தண்ணீர் பைய இறங்கும். இடுப்பு விட்டுப்போயிற்று.

கோமதி போன். "அப்பா, ஸ்வெட்டர் எடுத்துக்கிடுங்க. மழை பெஞ்சா இங்க குளிரும்."
"இந்த வெயில்ல ஸ்வெட்டரக் கையில எடுத்தாலே ஊரு சிரிக்கும் ஏட்டி."
எடுத்து வைத்தேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

குறுக்குத்துறையில் குளியல். ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான், ஆனாலும் உடம்பு அடங்கியது. வந்ததும் பிரிட்ஜ்.

உள்ளே இருந்தவை: அரை எலுமிச்சை, வாடிய கொத்தமல்லி, கோமதி தை மாதம் கொண்டுவந்த ஜாம், பேர் தெரியாத ஒரு பொடி, தூக்குப் பாத்திரத்தில் தயிர். தயிரை உப்புப் போட்டு மோராக அடித்துக் குடித்தேன். நல்ல புளிப்பு. தூக்கைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தேன். முகம் பார்க்கலாம். வடிவு பார்த்தால் நம்பமாட்டாள்.

பிரிட்ஜுக்கு டிக்.

பீரோ: பாச்சை உருண்டை போட்டேன். அவள் சேலைகளைத் தொடவில்லை. கோமதி வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 22, புதன்

காலையில் மீன்காரம்மா. உவரியிலிருந்து புதனும் சனியும் வருகிற அந்தோணியம்மாள். கூடையில் சாளை. சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன், வேண்டாம் என்றேன். "அப்பம் இந்தத் தெருவுக்கு இனி தேரு கழிச்சுதான் அண்ணாச்சி. உங்க ஒரு வீட்டுக்காவத்தான் இவ்வளவு தூரம் உள்ள வாரது." போய்விட்டாள்.

மா. 4 மணி. பக்கத்து வீட்டுச் செல்வி வந்தாள்.

"அண்ணாச்சி, உறை எப்பம் தாரிய?"
"என்ன உறை?"
"தயிர் உறைதான். ஊருக்குப் போறதுக்கு முன்னால அக்கா கொண்டாந்து தந்துருவாவல்லா. நீங்க வார வரைக்கும் நான் தினம் உறை ஊத்தி வச்சிருந்து திருப்பித் தருவேன்."

கொல்லையில் கவிழ்த்து வைத்த தூக்கைப் பார்த்தேன். செல்வியும் பார்த்தாள்.

"கழுவிட்டியளா?"

கல்யாணமாகி ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்தபோது வடிவு கொண்டுவந்த உறை அது. முப்பத்தேழு வருஷம். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு, இன்றையதில் ஒரு கரண்டி நாளைக்கு. ஒரு நாள்கூட வெளியே தயிர் வாங்கியதில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நான் உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "உறை ஊத்தினீங்களா?" பால் கை பொறுக்கிற சூட்டில் இருக்கணும், ஊற்றின பிறகு பாத்திரத்தை அசைக்கக்கூடாது என்று படுத்துக்கொண்டே பாடம் நடத்தினாள். ஆறு மாசம் ஒழுங்காக ஊற்றினேன். பால் இருந்தது, தயிர் ஆயிற்று, அவ்வளவுதான் என் நினைப்பு. அவள் கை பட்டதில் உயிரோடு மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்று கழுவின பிறகு தெரிகிறது.

கடைசிச் சொட்டையும் நானே குடித்திருக்கிறேன். ருசித்து வேறு.

செல்வியிடம் இல்லை. அவர்கள் பாக்கெட் தயிருக்கு மாறி நாளாயிற்று. எங்களுக்காகத்தான் அந்த ரெண்டு மாசமும் ஊற்றி வந்திருக்கிறாள்.

டைரியை மறுபடி புரட்டினேன். உறை என்று ஒரு வரி எங்கும் இல்லை. எனக்குக் கொடுத்த வேலையைத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறாள். அது அவள் வேலை.

ஏப்ரல் 23, வியாழன்

ஆழ்வார்குறிச்சிக்குப் போன். வடிவின் தம்பியிடம், வீட்டில் உறை இருக்கிறதா என்று கேட்டேன். "மாட்ட வித்தே எட்டு வருசமாச்சு அத்தான். இப்பம் எல்லாம் பாக்கெட்டுதான்." எதற்குக் கேட்கிறேன் என்று சொன்னேன். "எங்க அம்மையும் அப்படித்தான் பாத்துக்கிட்டிருந்தா," என்றான்.

வடிவு அக்கம்பக்கம் கேட்டவர்களுக்கெல்லாம் உறை கொடுத்தவள். யாரிடமாவது ஓடிக்கொண்டிருக்காதா? குடை பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வீட்டில் என்னைப் பார்த்ததும் மீட்டர் பெட்டியை மறைத்து நின்ற சைக்கிளை நகர்த்தினார்கள். ரிட்டையராகி ஏழு வருஷம் ஆகிறது! இரண்டாம் வீட்டு டீச்சரம்மா, "இந்த வெயில்ல எதுக்கு அலையுதிய?" என்றார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எங்க வீட்ல போன மழைக்காலத்துல கெட்டுப்போச்சு. பெறவு வாங்க வரலாம்னு பாத்தா அக்கா போயிட்டாவ."

ஏழு வீடு. ஒன்றிலும் இல்லை. எட்டாவது, மாவு மில்காரர்.

"உவரி மீன்காரம்மாட்ட கேட்டியளா? அந்தப் பிள்ளைக்கு அக்கா குடுத்தத நான் பாத்திருக்கேன்."

நேற்று வாசலோடு திருப்பி அனுப்பினேனே, அவளேதான். போன் நம்பர் யாரிடமும் இல்லை. சனிக்கிழமையும் வரமாட்டாள். என் வாயை என்ன செய்தால் தேவலை.

ஏப்ரல் 24, வெள்ளி

கா. 7 மணிக்கு உவரி பஸ். கழுவிய தூக்கு பையில். ஜன்னலோரம், அனல். கடல் தெரிகிற வரைக்கும் பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தோன்றியது.

உவரியில் அந்தோணியம்மாள் என்று கேட்டால் எந்த அந்தோணியம்மாள் என்கிறார்கள். டவுணுக்கு மீன் கொண்டுபோகிறவள் என்ற பிறகுதான் வழி காட்டினார்கள். முற்றத்தில் வலை காய்ந்தது. கருவாட்டுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எய்யா, அண்ணாச்சியா! என்ன இவ்வளவு தூரம்?"

சொன்னேன். அவள் கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். மூடி போட்ட ஒரு சம்புடத்தோடு வந்தாள்.

"இன்னா, நம்ம வீட்ல ஓடிக்கிட்டுத்தானே இருக்கு. வெறும் டீயக் குடிச்சிட்டுக் கூடயத் தூக்கி வயித்துப்புண்ணு வந்துட்டு எனக்கு. அக்காதான் ஏசி, உறை தந்து, பழையதுல தயிர் ஊத்திக் குடிட்டீன்னு சொன்னாவ. ஒரு புயலுக்குக் கோயில்ல போய்க் கெடந்தோம், திரும்பி வந்தா கெட்டுப்போச்சு. மறுபடியும் தந்தாவ. ஒரு வார்த்த சொல்லல."

என்னையானால் ஒரு மாசம் சொல்லிக் காட்டியிருப்பாள்.

"நான் கழுவிட்டேன் அந்தோணியம்மா."

"ஆம்பள பாத்திரம் கழுவுனதே பெருசு. விடுங்க அண்ணாச்சி."

சம்புட மூடியில் பேர் வெட்டியிருந்தது. ச. வடிவு. இதைக் காணோம் என்று நான் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியதுண்டு. அப்போது அவள் ஒன்றுமே சொல்லாமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கள்ளி.

திரும்பும் பஸ்ஸில், அவள் உறை ஊற்றித் தந்த தூக்கை மடியிலேயே வைத்திருந்தேன். நேரே பால் வாங்கி, காய்ச்சி, ஆறவைத்து, கை பொறுக்கிற சூட்டில் ரெண்டு பாத்திரத்தில் உறை ஊற்றினேன். அசைக்கவில்லை. பக்கத்தில் நடக்கக்கூடப் பயம்.

ஏப்ரல் 25, சனி. ரயிலில்.

விடியும்போது ரெண்டும் உறைந்திருந்தன. ஒரு கரண்டி வாயில் போட்டேன். அதே புளிப்பு. அடுப்படியில் நின்று அழுதேன். அவள் செத்த அன்றைக்கு வந்தவர்களைக் கவனிப்பதிலேயே பொழுது போயிற்று. இன்றைக்குத்தான் அழ முடிந்தது.

சாக்கடை ஓட்டை, டிக், டிக். ஜன்னல், டிக். சிலிண்டர், டிக். பட்டியலுக்கு மேலே இருந்த இடத்தில் எழுதினேன்: உறை, செல்வி வீட்டுக்கு. மெயின் சுவிட்ச் அணைத்துப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன்.

ஒரு பங்கு கோமதிக்கு, தூக்கில். இன்னொன்றைச் செல்வி வாசலில் நின்று கொடுத்தேன். ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வடிவு வருஷா வருஷம் சொல்வதையே சொன்னேன். "தேருக்கு வந்து வாங்கிக்கிடுதேன்."

"பத்திரமா வச்சிருக்கேன் அண்ணாச்சி."

வடிவு இதைச் சொல்லி உறையைக் கொடுத்துவிட்டு அதே வாசலில் நின்று பேசிக்கொண்டே இருப்பாள். நான் பெட்டியோடு ஆட்டோவில் உட்கார்ந்து, "வடிவு, நேரமாச்சு, வா," என்று கத்துவேன். தெருவே திரும்பிப் பார்க்கும். அப்படியும் அவள் பையத்தான் வருவாள்.

இன்றைக்கு ஆட்டோவிலிருந்து கூப்பிட ஆளில்லை. ரொம்ப நேரம் நின்றேன்.