ஆரோக்கிய ஜெனிட்டா வரவில்லை

மே 26, திங்கள்

கத்திரி வெயில் முடிய இன்னும் இரண்டு நாள். மையத்தில் மின்விசிறி ஓடவில்லை. சத்துமாவு மூட்டையில் எலி கடித்த ஓட்டை. ஆயா தைத்தார், எலியைத் திட்டிக்கொண்டே.

காலை, என் அங்கன்வாடிப் பிள்ளைகள் ஒன்பது பேருடன் பள்ளிக்கூடம். அடுத்த திங்கள் ஒன்றாம் வகுப்பு. அதற்குள் ஒரு நாள் உட்கார்ந்து பழகட்டும் என்று எச்.எம். சொன்னார். நல்ல யோசனை. பெயர் கூப்பிட்டதும் எட்டுப் பேர் கை தூக்கினார்கள். பாப்பு மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை கூப்பிட்டும் அசையவில்லை.

எச்.எம். தனியே அழைத்து, "காது கேக்குதான்னு பாருங்க டீச்சர். இல்லன்னா ஒரு வருஷம் கழிச்சு சேர்த்துக்கலாம்."

சாயங்காலம் அவள் அம்மா ஜெயாவிடம் சொன்னேன். நடவிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், கால் முழுக்கச் சேறு. "சேர்க்கலன்னா வரப்புல உக்காரட்டும் டீச்சர். நானும் அப்படித்தான் உக்காந்தேன். அப்படியே நாத்தப் புடிச்சவதான்."

மே 27, செவ்வாய்

காதுப் பரிசோதனை, என் முறையில்.
பின்னால் ஆயா கரண்டியைப் போட்டார். திரும்பினாள்.
கதவுக்குப் பின்னால் நின்று "முட்டை" என்று முணுமுணுத்தேன். முதலில் வந்தது அவள்தான்.
"பாப்பு" என்று கிசுகிசுத்தேன். ஓடி வந்தாள்.

பிறகு ஏதோ தோன்றி, எச்.எம். மாதிரி உரக்க: "ஆரோக்கிய ஜெனிட்டா!"

புளியங்கொட்டையை அடுக்கியபடியே சொன்னாள்: "அந்தப் பாப்பா வரல டீச்சர்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அந்தப் பெயரை மூன்று வருடமாகப் பதிவேட்டில் எழுதியவள் நான். ஒரு நாளாவது வாயால் கூப்பிட்டேனா? வருகை இப்போது ஃபோனில் தட்டுவதுதானே. என்மேலேயே எரிச்சல்.

சாயங்காலம் சொன்னதும் ஜெயா சிரித்துவிட்டாள். "அது ஞானஸ்நானத்துல வச்ச பேரு. வீட்ல யாரு அவ்ளோ நீளமா கூப்புடுவா?"

மே 28, புதன்

பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும்.

ஊரைக் கூட்டிச் செய்த ஏற்பாடு:
– டீக்கடை முருகையன்: காலை பால் வாங்க வரும்போது
– நடவு ஆட்கள் எட்டுப் பேர்: வண்டி ஏறும்போதும் இறங்கும்போதும்
– எச்.எம்.: தினம் மையத்தைத் தாண்டிப் போகும்போது வாசலில் நின்று
– கோயில் ஃபாதர்: ஞாயிறு பூசை முடிந்து
– ஆயா: பெயரைச் சொல்லித்தான் முட்டை

எல்லாரும் கூப்பிட வேண்டியது முழுப் பெயர். தவறினால் அபராதம் ஒரு மிட்டாய். ஆயா மத்தியானத்துக்குள் மூன்று மிட்டாய்.

எச்.எம்.மிடம் எல்லாம் சொன்னபோது முகம் மாறிவிட்டது. "நானும் பேரை மட்டும்தானே பாத்தேன் டீச்சர்." நல்ல மனுஷி.

மே 30, வெள்ளி

புழுக்கம். மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

அவள் கோபமாக இருக்கிறாள். யார் அந்தப் பெயரைச் சொன்னாலும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். முட்டையும் வேண்டாமாம். ஜெயாவும் கலங்கிவிட்டாள். "புள்ளைய யாருக்கோ தத்துக் குடுத்தாப்ல இருக்கு டீச்சர்."

சரியாகத்தான் செய்கிறேனா? ஐந்து வயதுப் பிள்ளையை ஊரே சேர்ந்து படுத்துகிறோமோ? ஒருவேளை எச்.எம். முதலில் சொன்னபடி ஒரு வருடம் பொறுத்திருக்கலாமோ. ஆனால் அந்த ஒரு வருடம் வரப்பில்தான் போகும், அது நிச்சயம்.

மேசைக்கு அடியில் குனிந்து சொன்னேன்: "பாப்பு வீட்டுக்கு. ஜெனிட்டா பள்ளிக்கூடத்துக்கு. ரெண்டும் நீதான்." நீட்டிய மிட்டாயை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 1, ஞாயிறு

ஃபாதர் வாசலில் வைத்துக் கூப்பிட்டாராம். அம்மா சேலைக்குள் முகம். தெருவே வேடிக்கை பார்த்ததாம்.

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

காலை எட்டரைக்கே பள்ளிக்கூடம். ஒன்பது பிள்ளைகளுக்கும் தலைவாரி, பவுடர்.

எச்.எம். பதிவேட்டைத் திறந்தார். இரண்டு பெயர். மூன்றாவது.

"ஆரோக்கிய ஜெனிட்டா."

எச்.எம். நிமிரவில்லை, காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டால் மேசைக்கு அடியில் போய்விடுவாளே என்று பயந்தேன். அவள் எழுந்தாள். இரண்டு கையையும் தூக்கினாள். "உள்ளேன் டீச்சர்!"

வெட்கமில்லாமல் அழுதேன். எச்.எம். டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

பத்தரைக்குக் கிளம்பினேன். வகுப்பு ஜன்னலுக்குக் கீழே ஜெயா குந்தியிருந்தாள். நடவு வண்டி விடியும்போதே போய்விட்டது.

"இன்னிக்கு வேலைக்குப் போகலையா?"

"மத்தியானமும் பேரு கூப்புடுவாங்களாமே டீச்சர். அதையும் கேட்டுட்டுப் போறேன்."